லைட்டி சர்வருக்கு கான்பிக் எழுதுவது: பட்டர்வொர்த் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்காக ஒரு தம்பி இணையத்தளம் நடத்துகிறார். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றில், பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் லைட்டி என்ற சர்வர் ஓடுகிறது. பழைய ஆண்டு மலர்களின் பிடிஎஃப், பேச்சுப்போட்டி ஒலிப்பதிவுகள், கொஞ்சம் தமிழ்ப் பக்கங்கள், சந்தாக் கணக்குக்காக பைத்தானில் எழுதிய சின்ன நிர்வாகப் பக்கம். இவ்வளவுதான் தளம். எங்கிருந்தோ எடுத்த 200 வரி கான்பிக்கை, அதாவது சர்வரின் அமைப்புக் கோப்பை, அப்படியே ஒட்டியிருக்கிறார். இப்போது தமிழ் எழுத்து குப்பையாகத் தெரிகிறது, பிடிஎஃப் உலாவியில் திறக்காமல் கைப்பேசியில் இறங்குகிறது, நிர்வாகப் பக்கத்துக்குப் போட்ட பாஸ்வேர்டை அது கேட்பதே இல்லை. "பேசாமல் அப்பாச்சிக்கே மாறிவிடட்டுமா அண்ணே?" என்கிறார்.

மாற வேண்டாம் தம்பி. உங்கள் மூன்று தொல்லைக்கும் சர்வர் காரணம் இல்லை. அப்பாச்சி என்ற வேறு சர்வருக்குப் போனாலும் இன்னொருவருடைய 200 வரியை ஒட்டினால் அங்கேயும் இதே கதைதான். அந்தக் கோப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, வெறும் கோப்பிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது முப்பது நாற்பது வரிக்கு மேல் போகாது.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒட்டிக்கொள்ளும்படி வரிகளை நான் தரப்போவதில்லை. கட்டளைகளின் பேரை வாயால் சொல்வதுபோலத் தமிழில் சொல்கிறேன், விசைப்பலகையில் நீங்களே அடியுங்கள். பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் கான்பிக் துண்டுகளில் பாதிக்கு மேற்கோள் குறி வளைந்திருக்கிறது. ஐபோனில் அடித்தால் அது நேர் மேற்கோளை அழகாக வளைத்துக் கொடுக்கும். கடிதத்துக்கு அது அழகு, லைட்டிக்கு அது மேற்கோளே இல்லை. பிழைச் செய்தியில் வரி எண் வரும், அந்த வரியைக் கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அரை நாள் போய்விடும்.

லைட்டியைப் பற்றி இரண்டு வரி. யான் க்னெஷ்கே என்ற ஜெர்மானியர் 2003இல் எழுதத் தொடங்கியது. ஒரே கணினியில் ஒரே நேரத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்க முடியுமா என்று அப்போது எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, முடியும் என்று காட்டுவதற்காகவே பிறந்தது. ஆளுக்கொரு பணியாளைக் கூப்பிட்டு நிறுத்தாமல், ஒரே ஆள் எல்லா மேசையையும் கண்ணால் பார்த்துக்கொண்டு யாருக்கு எது தயாரோ அதை வைத்துவிட்டுப் போகும் மாமாக் சாப்பாட்டுக் கடை மாதிரி. அதனால்தான் பை போன்ற சின்னப் பெட்டியிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

அப்பாச்சியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் கோப்பை வைத்துப் பூட்டும் வழக்கம் அங்கே உண்டு. லைட்டி அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பூட்டியிருப்பதாக நீங்கள் நினைக்கும் அடைவு திறந்தே கிடக்கும், ஒரு பிழைச் செய்தியும் வராது. பழைய தளத்திலிருந்து கோப்புகளை நகலெடுத்திருந்தால் முதல் வேலையாக இதைத் தேடிப் பாருங்கள்.

சரி, கோப்புக்கு வருவோம்.

பை-யில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழி வந்த இயங்குதளம். அதில் முதன்மைக் கோப்பு ஈடிசி அடைவுக்குள் லைட்டியின் அடைவில் இருக்கும். பக்கத்திலேயே கான்ப்-அவைலபிள், கான்ப்-எனேபிள்டு என்று இரண்டு அடைவுகள். முதலாவதில் இருப்பவை கடை அலமாரியில் இருக்கும் சரக்கு. இரண்டாவதில் இருப்பவை நீங்கள் எடுத்து மேசையில் வைத்தவை. லைட்டி-எனேபிள்-மாட் என்ற கட்டளை அலமாரியிலிருந்து மேசைக்கு ஓர் இணைப்பு போடும், வேறொன்றும் செய்யாது. கோப்புப் பேர்களுக்கு முன்னால் 05, 10, 15 என்று எண் இருப்பதைக் கவனியுங்கள். அந்த எண்ணுக்குப் பின்னாலேதான் உங்கள் பாஸ்வேர்டு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

குறைந்தபட்சமாக என்ன வேண்டும்? சர்வர்.டாக்குமென்ட்-ரூட், அதாவது கோப்புகள் இருக்கும் இடம். சர்வர்.போர்ட், அதாவது கோரிக்கைகள் வந்து சேரும் வாசல் எண். சர்வர்.யூசர்நேம், சர்வர்.குரூப்நேம் இரண்டுக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் வேண்டும் என்பதால் லைட்டி ரூட்டாக எழுந்து, போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, பிறகு இந்தச் சாதாரணப் பயனராக இறங்கிவிடும். இங்கே ஒரு பழைய குழி: படங்களை உங்கள் சொந்த ஹோம் அடைவுக்குள் வைத்துவிட்டு டாக்குமென்ட்-ரூட்டை அங்கே திருப்பினால், கோப்புக்கு எல்லா அனுமதியும் கொடுத்த பிறகும் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதில், வரும். ஏனென்றால் வாசலிலேயே, அதாவது ஹோம் அடைவிலேயே, வெளியார் நுழைய அனுமதி இருக்காது. எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுத் தப்பிக்காதீர்கள். தளத்தை வார் அடைவுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

இண்டெக்ஸ்-ஃபைல்.நேம்ஸ் (அடைவை மட்டும் கேட்டால் காட்டும் பக்கம்), சர்வர்.எரர்லாக் (பிழைகளை எழுதிவைக்கும் கோப்பு), மைம்டைப்.அசைன் (எந்தக் கோப்பு என்ன வகை என்ற பட்டியல்), சர்வர்.மாட்யூல்ஸ் (சர்வரோடு சேர்க்கும் துணைக் கருவிகள்). இவ்வளவு இருந்தால் தளம் எழுந்து நிற்கும். யூஆர்எல்.ஆக்சஸ்-டினை என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். அதில் அலைக்குறியைப் போட்டால், பேர் அலைக்குறியில் முடியும் கோப்பை வெளியே தராது. சில எடிட்டர்கள் நீங்கள் திருத்தும் கோப்புக்கு அப்படி ஒரு பழைய நகலை விட்டுவைக்கும். பாஸ்வேர்டு உள்ள பைத்தான் கோப்பின் நகல் அப்படி வெளியே போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் முதல் சிக்கல். தமிழ் குப்பையாகத் தெரிகிறது என்று எழுதினீர்கள். மேலே கோடிட்ட சின்ன ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறி, இப்படி மாறி மாறி வருகிறதா? அப்படியானால் உங்கள் கோப்பு நன்றாகவே இருக்கிறது. யுடிஎஃப்-8 என்ற யுனிகோடு குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது பைட்டுக்கு இரண்டே வாய்ப்பு. அந்த 3 பைட்டைத் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக உலாவி வாசித்தால், முதல் பைட் அந்த ஏ-யாகவும் இரண்டாவது பெரும்பாலும் அந்த ஆர் குறியாகவும் தெரியும். அதனால்தான் எந்தத் தமிழ்ப் பக்கம் உடைந்தாலும் ஒரே மாதிரியான குப்பையாக இருக்கிறது.

ஏன் அப்படி வாசிக்கிறது? நீங்கள் ஒட்டிய கோப்பில் மைம்டைப்.அசைன் பகுதியைப் பாருங்கள். எச்டிஎம்எல் வரியில் கேரக்டர்செட் (எழுத்துக் குறியாக்கம்) என்பதற்கு ஐஎஸ்ஓ-8859-1 என்று, அதாவது ஐரோப்பிய எழுத்துக்கான குறியாக்கம் என்று, இருக்கும், பந்தயமே கட்டுகிறேன். பக்கத்துக்குள் மெட்டா வரியில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன ஆயிற்று? சர்வர் பக்கத்தோடு அனுப்பும் தலைப்பில் சொன்னதுதான் முதலில் செல்லும், மெட்டா வரி அதற்கு அடுத்துதான். சர்வர் பேசாமல் இருந்தால் மட்டுமே மெட்டா வரியின் பேச்சு எடுபடும். ஆகவே டாட் எச்டிஎம்எல், டாட் டிஎக்ஸ்டி, டாட் சிஎஸ்எஸ் மூன்றுக்கும் கேரக்டர்செட்டை யுடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். டிஎக்ஸ்டி கோப்புக்கு மெட்டா வரி போட இடமே இல்லை என்பதால் அதற்கு இது கட்டாயம்.

கிளைக்கதை ஒன்று. உங்கள் சேமிப்பில் தொண்ணூறுகளின் கடைசியில் தட்டச்சு செய்த கட்டுரைகள் இருந்தால், அவை யுடிஎஃப்-8 ஆக இருக்க வாய்ப்புக் குறைவு. நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில் அடித்தவர்கள்தான் அதிகம். அந்தக் காலத்துக் கோப்புகளில் திஸ்கி போன்ற எட்டு பிட் குறியாக்கங்கள் இருக்கும். அவற்றுக்கு சர்வர் யுடிஎஃப்-8 என்று சொன்னால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரங்கள்தான் வரும். கான்பிக்கில் கேரக்டர்செட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோப்புகளை ஒரே ஒரு முறை யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, மூலத்தையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப் சிக்கலும் இதே மைம்டைப்.அசைன் பகுதியில்தான். பட்டியலில் இல்லாத வகைக் கோப்பை லைட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வெறும் பைட் மூட்டையாக அனுப்பும். உலாவி அதை என்ன செய்வது என்று தெரியாமல் இறக்கி வைத்துவிடும். டாட் பிடிஎஃப்புக்கு அப்ளிகேஷன்/பிடிஎஃப், டாட் எம்பி3க்கு ஆடியோ/எம்பெக். இந்த இரண்டு வரி போதும். ஒலிப்பதிவின் நடுவிலிருந்து கேட்க விரும்புகிறவர்களுக்கு, கோப்பின் துண்டை மட்டும் அனுப்பும் வேலையை லைட்டி தானாகவே செய்யும், அதற்குத் தனி வரி வேண்டாம்.

உங்கள் பழைய கோப்பில், அனுப்புவதைச் சுருக்கும் மாட்_கம்ப்ரெஸ் மாட்யூல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த வேலை இப்போது மாட்_டிப்லேட்டுக்குப் போய்விட்டது. அதைக்கூட எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், டிஎக்ஸ்டிக்கு மட்டும் போடுங்கள். பிடிஎஃப்பும் ஜேபெக்கும் எம்பி3யும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மறுபடி பிழிந்தால் பை சூடாவதுதான் மிச்சம்.

இப்போது பாஸ்வேர்டு. மூன்றில் இதுதான் பயமுறுத்துகிறது, ஏனென்றால் உங்களுக்கு இது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. உங்கள் நிர்வாகப் பக்கம் பைத்தானின் ஃபிளாஸ்க் என்ற கருவியில் எழுதியது, 5000ஆம் போர்ட்டில் ஓடுகிறது. கோரிக்கையை இன்னொரு நிரலுக்குக் கைமாற்றும் மாட்_பிராக்சி வழியாக லைட்டி அதற்கு அனுப்புகிறது. சர்வர்.மாட்யூல்ஸ் பட்டியலில் மாட்_பிராக்சியை மேலேயும், பாஸ்வேர்டு கேட்கும் மாட்_ஆத்தைக் கீழேயும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியல் வெறும் சாமான் பட்டியல் இல்லை தம்பி, அது வரிசை. வரும் ஒவ்வொரு கோரிக்கையும் அந்த வரிசையிலேயே மாட்யூல்களைத் தாண்டி வரும். முதலில் நிற்கும் பிராக்சி, "இது என் ஆள்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டால், அடுத்து நிற்கும் காவலாளிக்கு வந்தவர் யார் என்றே தெரியாது. மாட்_ஆத் முதலில், மாட்_பிராக்சி பின்னால். டெபியனில் ஆத் கோப்புக்கு 05 என்றும் பிராக்சி கோப்புக்கு 10 என்றும் எண் கொடுத்திருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். எண் வரிசையில்தான் அவை சேர்க்கப்படும்.

மாட்_ஆத் மட்டும் போதாது, பாஸ்வேர்டைக் கோப்பிலிருந்து படிக்க மாட்_ஆத்என்_ஃபைல் என்ற துணையும் வேண்டும். பிறகு ஆத்.ரிக்வயரில் பூட்ட வேண்டிய பாதையை எழுதுகிறீர்கள். பாதை முன்னொட்டாகப் பொருந்தும், அதாவது முகவரியின் தொடக்கம் ஒத்திருந்தாலே போதும், என்பதை மறக்காதீர்கள். பிராக்சிக்குக் கடைசிச் சாய்கோடு இல்லாமல் "/நிர்வாகம்" என்றும், ஆத்துக்குச் சாய்கோட்டோடு "/நிர்வாகம்/" என்றும் கொடுத்தால், சாய்கோடு இல்லாத முகவரிக்கு வருபவரை யாரும் தடுக்கமாட்டார்கள். இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். (முகவரியை நான் தமிழில் எழுதியிருந்தாலும் உங்கள் தளத்தில் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "நிர்வாகம்" என்பதில் 9 யுனிகோடு குறிகள், உலாவி அதைச் சதவீதக் குறிகளாக விரித்தால் 81 எழுத்து நீளம் ஆகிவிடும். லாக்கில் அதை வாசிக்க முடியாது.)

ஃபிளாஸ்க்கையும் கவனியுங்கள். அது 127.0.0.1இல், அதாவது பை-க்குள்ளிருந்தே வரும் அழைப்புக்கு, மட்டும் காது கொடுக்க வேண்டும். எல்லா முகவரியிலும் கேட்கும்படி விட்டிருந்தால், முன்வாசலில் எத்தனை பூட்டுப் போட்டாலும் 5000ஆம் போர்ட் என்ற பின்வாசல் திறந்திருக்கும். பிராக்சி.சர்வரில் முகவரியும் போர்ட்டும் இரட்டை அடைப்புக்குறிக்குள் ஏன் வருகின்றன என்று எல்லாரும் ஒரு முறையாவது கேட்பார்கள். வெளி அடைப்புக்குறி பின்னணி சர்வர்களின் பட்டியலுக்கு, உள்ளே இருப்பது ஒரு சர்வருக்கு. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் பட்டியல் பட்டியல்தான்.

மூன்றையும் தீர்த்தாயிற்று என்று இங்கே நிறுத்தலாம். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் லைட்டி கான்பிக்கில் அதிகம் பேரை வீழ்த்துகிறது. அது சமக்குறி.

ஒரே மட்டத்தில் ஒரே பேரை இரண்டு முறை சமக்குறியோடு எழுதினால் லைட்டி கிளம்பவே மறுக்கும், இரட்டிப்பு என்று திட்டும். நல்லது, அது பிழை என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஆபத்து நிபந்தனைத் தொகுதிகளில் இருக்கிறது. டாலர் குறி, எச்டிடிபி, சதுர அடைப்புக்குறிக்குள் ஹோஸ்ட் அல்லது யூஆர்எல், பிறகு நெளி அடைப்புக்குறிக்குள் சில வரிகள். "இந்த முகவரிக்கு மட்டும் இப்படி" என்று சொல்லும் இடம். அதற்குள் அதே பேருக்கு மறுபடி சமக்குறி போடலாம், பிழை வராது. ஆனால் அது சேர்ப்பதில்லை, மேலே இருந்ததை முழுவதுமாக மாற்றிவிடும்.

உதாரணம் சொல்கிறேன். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக செட்என்வ்.ஆட்-ரெஸ்பான்ஸ்-ஹெட்டர் வரியில் இரண்டு பாதுகாப்புத் தலைப்புகளை எழுதுகிறீர்கள். பிறகு ஆண்டு மலர் அடைவுக்கான தொகுதிக்குள் அதே பேரில் இன்னொரு தலைப்பை எழுதுகிறீர்கள். மலர் அடைவில் மூன்று தலைப்பும் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவது ஒன்றே ஒன்று. மேலே எழுதிய இரண்டும் அங்கே காணாமல் போய்விட்டன, யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

மருந்து, சமக்குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி. கூட்டல்-சமக்குறி போட்டால், மேல் மட்டத்தில் அதுவரை எழுதியிருப்பதை எடுத்து, அதோடு உங்கள் வரியைச் சேர்த்து, அந்தத் தொகுதிக்கு வைத்துக்கொள்ளும். அதனால் பொது வரி கோப்பில் தொகுதிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். இதிலும் ஒரு நெளிவு உண்டு. ஒரே கோரிக்கைக்கு இரண்டு தொகுதிகள் பொருந்தினால், இரண்டின் சேர்க்கைகளும் ஒன்றாகாது. கோப்பில் பின்னால் இருக்கும் தொகுதியின் பட்டியல் மட்டும் செல்லும். கூட்டல் கோப்பைப் படிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது, கோரிக்கை வரும்போது நடப்பது தேர்வு மட்டும். இதை நான் உள்வாங்கிக்கொள்ள ஒரு வருடம் ஆனது என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அதற்குப் பிறகு நான் தொகுதிகளை ஒன்றன்மேல் ஒன்று விழாதபடிதான் எழுதுகிறேன். ஹோஸ்ட்டுக்கு ஒன்று, அதற்குள்ளே அடைவுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

பேரை நேராக ஒப்பிட இரட்டைச் சமக்குறி போதும். சமக்குறியும் அலைக்குறியும் சேர்ந்தால் வடிவப் பொருத்தம். "மலர்" என்று மட்டும் எழுதினால் முகவரியின் எந்த மூலையில் அந்தச் சொல் இருந்தாலும் பொருந்திவிடும். தொடக்கத்தைக் காட்டும் கூரைக்குறியைப் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் சொந்த அவமானம். சில வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்காக ஒரு இளைஞர் குழுவுக்குச் சின்னப் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். வெள்ளி ரதம் இப்போது எங்கே என்று காட்டும் ஒரே பக்கம். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், பினாங்கு ஸ்திரீட்டில் கோயில் வீட்டிலிருந்து காலையில் கிளம்பும் ரதம் தண்ணீர்மலைக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். எந்த நேரத்தில் எந்தச் சாலையில் இருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ரதத்தோடு நடந்த பையன்கள் செய்தி அனுப்ப அனுப்ப, நான் அந்த எச்டிஎம்எல் கோப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

முந்தின இரவு, படங்கள் வேகமாக வரட்டுமே என்று, உலாவி ஒரு கோப்பை எவ்வளவு காலம் சேமித்து வைக்கலாம் என்று சொல்லும் மாட்_எக்ஸ்பயரைப் போட்டிருந்தேன். எக்ஸ்பயர்.யூஆர்எல்லில் ஒரே வரி: சாய்கோட்டுக்கு, ஒரு மாதம். இதுவும் முன்னொட்டுதான் என்பது தூக்கக் கலக்கத்தில் மறந்துபோனது. சாய்கோட்டில் தொடங்காத முகவரி ஏது? தளம் மொத்தமும் ஒரு மாதத்துக்கு மாறாது என்று நானே எல்லாருடைய கைப்பேசிக்கும் எழுதிக்கொடுத்துவிட்டேன். காலையில் முதலில் திறந்தவர்களுக்கு "ரதம் கிளம்பிவிட்டது" என்று வந்தது. மதியம் திறந்தபோதும் அவர்களுக்கு ரதம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. சர்வரில் உடனே திருத்தினேன், பயனில்லை. அந்தக் கைப்பேசிகள் சர்வரிடம் திரும்பி வந்து கேட்டால்தானே புதியதைத் தர முடியும்? ஒரு மாதம் கேட்க வேண்டாம் என்று நான்தானே சொல்லியிருந்தேன். கடைசியில் பக்கத்தின் முகவரியை மாற்றி, புதிய இணைப்பைக் குழுக்களில் அனுப்பித் தப்பித்தோம். கான்பிக்கில் மற்ற பிழைகளைச் சர்வர் பக்கத்தில் திருத்திவிடலாம். இது ஒன்று கையைவிட்டுப் போனால் போனதுதான்.

உங்கள் தளத்தில், மலர் அடைவிலுள்ள பிடிஎஃப்புக்கும் படங்களுக்கும் ஒரு மாதம் தாராளமாகக் கொடுங்கள், அவை மாறப்போவதில்லை. எச்டிஎம்எல் பக்கங்களுக்கு கேஷ்-கன்ட்ரோல் தலைப்பில் நோ-கேஷ் என்று எழுதுங்கள். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேமிக்காதே என்று அதற்குப் பொருள் இல்லை, சேமித்ததைக் காட்டும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள் என்றுதான் பொருள். மாறவில்லையென்றால் லைட்டி 304 என்று ஒரு சின்னப் பதிலோடு அனுப்பிவிடும்.

எழுதி முடித்ததும் நேராக ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். லைட்டியை ஹைபன்-டி கொடியோடும், ஹைபன்-எஃப் போட்டுக் கோப்பின் பாதையோடும் ஓட்டினால் இலக்கணத்தைப் பார்த்துச் சொல்லும். டி-யை இரட்டித்தால் மாட்யூல்களையும் ஏற்றிப் பார்க்கும், நான் எப்போதும் அதையே ஓட்டுகிறேன். ஹைபன்-பி போட்டால், எல்லாத் துணைக் கோப்புகளையும் சேர்த்த பிறகு லைட்டியின் மனதில் என்ன இருக்கிறது என்று அச்சிட்டுக் காட்டும். கூட்டல்-சமக்குறி என்ன செய்தது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். ஆனால் இலக்கணச் சோதனையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டளையின் பேரை நீங்கள் தவறாக அடித்தாலும், அந்தப் பேருக்குரிய மாட்யூலை ஏற்ற மறந்தாலும், லைட்டி நிற்காது. தெரியாத பேர், விட்டுவிட்டேன் என்று ஓர் எச்சரிக்கையோடு ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எரர்லாக்கின் கடைசி வரிகளைப் பார்ப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ரீஸ்டார்ட் இல்லை, ரீலோட். நடுவில் பிடிஎஃப் இறக்கிக்கொண்டிருப்பவரை அது உடனே துண்டிக்காது, முடிக்கக் கொஞ்சம் நேரம் கொடுக்கும்.

லாக்கைப் பற்றிப் பேசும்போதே ஒன்று. பை-யில் எல்லாம் எஸ்டி கார்டில் இருக்கிறது. மாட்_ஆக்சஸ்லாக் ஏற்றினால் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே இருக்கும், கார்டு தேயும். முதல் சில வாரம் வைத்துப் பாருங்கள், பிறகு தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள், அல்லது லாக் அடைவை நினைவகத்தில் வைத்துவிடுங்கள். மின்சாரம் போனால் அது அழியும், முன்னாள் மாணவர் தளத்துக்கு அது பெரிய இழப்பில்லை. நம் ஊர் இடிமழையில் மின்சாரம் திடீரென்று போவதால் கார்டே கெடுவதுதான் பெரிய இழப்பு. லைட்டியின் ஈடிசி அடைவை, மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் கிட் கருவியில் போட்டு வேறு கணினியிலும் ஒரு நகல் வையுங்கள். பாஸ்வேர்டு கோப்பை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

நிர்வாகப் பக்கம் பேசிக் முறையில் பாஸ்வேர்டு கேட்கிறது. அந்த முறையில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகும், ஆகவே எச்டிடிபிஎஸ் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள். புதிய டெபியனில் அதற்கான மாட்_ஓபன்எஸ்எஸ்எல் தனிப் பொதியாக வருகிறது, நிறுவிவிட்டு மாட்யூல் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸின் போர்ட்டான 443க்குரிய சாக்கெட் தொகுதிக்குள் எஸ்எஸ்எல்.எஞ்சின், எஸ்எஸ்எல்.பெம்ஃபைல், எஸ்எஸ்எல்.பிரைவ்கீ மூன்று வரி. பெம்ஃபைலுக்கு, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் முழுச் சங்கிலிக் கோப்பைக் கொடுங்கள். வெறும் சான்றிதழை மட்டும் கொடுத்தால் உங்கள் மடிக்கணினியில் வேலை செய்யும், யாரோ ஒருவருடைய பழைய ஆண்ட்ராய்டில் செய்யாது. அந்தச் சான்றிதழுக்கு 90 நாள் ஆயுள். செர்ட்பாட் என்ற நிரல் அதைத் தானாகப் புதுப்பிக்கும், ஆனால் கோப்பு மாறியது லைட்டிக்குத் தெரியாது, தொடங்கும்போது படித்ததையே கையில் வைத்துக்கொண்டிருக்கும். செர்ட்பாட் புதுப்பித்ததும் ஓட்டும் டிப்ளாய்-ஹுக்கில் லைட்டியை ரீலோட் செய்யும் கட்டளையைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தலைமையாசிரியர் உங்களைக் கூப்பிடுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் பாஸ்வேர்டு கேட்கவில்லையென்றால், சர்வர்.மாட்யூல்ஸ் பட்டியலையும் எரர்லாக்கின் கடைசி இருபது வரிகளையும் எனக்கு அனுப்புங்கள். எழுத்தாக அனுப்புங்கள் தம்பி, திரையைப் படம் பிடித்து வேண்டாம். படத்தில் மேற்கோள் வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று என் கண்ணுக்குத் தெரியாது.